இரும்பு ஆகாத இடம்

இன்று காலை அந்த நீல வாளியைக் கழுவலாம் என்று கவிழ்த்தேன். அடியில் ஒட்டிக்கிடந்த மண்ணோடு உன் கொண்டை ஊசி ஒன்று விழுந்தது. துருப்பிடித்து, ஒரு கால் முறிந்து கிடந்தது. உன்னுடையதுதான். அந்த ரக ஊசியைத் தாங்குகிற அளவுக்கு என் தலையில் எப்போது முடி இருந்தது? அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கோபம் வந்தது, உன்மேல்தான். அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வரும் என்று உனக்குத்தான் தெரியுமே.

வாளியின் கதையை வெளியாட்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே, ஆணி முதல் கூரை வரை இரும்பே இல்லாமல் யூனிவர்சிட்டிக்காக நாம் கட்டிய மரக்குடில். உள்ளே சிமெண்டுத் தூண்மேல் காந்தமானி. பூமியின் காந்தத்தை அது நொடிக்கு நொடி அளந்து திரையில் கோடாக வரையும். விமானம் பறக்கிற உயரத்தையெல்லாம் தாண்டி, மேலே மேலே, வெயில் ஏற ஏற ஆகாயத்தில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறதே, அதையும் அந்தக் காந்தத்தின் அசைவில் பிடித்துவிடும். கிட்டே ஒரு சாவிக்கொத்து போனாலே கோடு துள்ளிவிடும். அதனால் குடிலுக்குப் போகுமுன் கடிகாரம், பெல்ட், சாவி, கைத்தொலைபேசி, மூக்குக்கண்ணாடி, இரும்பு வளையம் வைத்த சப்பாத்து, ஊக்கு, கொண்டை ஊசி என்று எல்லாவற்றையும் கழற்றி, ரப்பர் பால்மரக் கிளையில் தொங்கும் அந்த வாளியில் போட வேண்டும். திரும்பி வந்து எடுத்துக்கொள்ள மறப்பவள் எப்போதும் நீதான். தலையை விரித்துப் போட்டுக்கொண்டே சிரம்பான் வரை கார் ஓட்டி வருவாய், பேய் மாதிரி.

இடம் தேடி அலைந்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன. நீலாயில் எங்கே வைத்தாலும் ரயில், தொழிற்சாலை, கார். மம்பாவ் பக்கம் ஒரு பள்ளித் திடலைப் பார்த்தோம், அங்கே இரும்புக் கோல்கம்பம். கடைசியில் நீ கண்டுபிடித்தது சாலையை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளிய தோட்டம். பழைய பால்மரங்கள் சில வெட்டப்படாமல் மிச்சமிருந்த ஒரு வெட்டவெளி. நீ தெமியாங்கில் கடைவீட்டு மாடியில் வளர்ந்தவள், உனக்குத் தோட்டம் என்றால் பிக்னிக். நான் இதே மாதிரி ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். ஹாஸ்டலில் உன்னைச் சந்தித்த முதல் நாளே, தோட்டத்துப் பக்கம் இனித் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று சொன்னவள்.

"இங்கேர்ந்து தப்பிச்சு ஓடத்தான் படிச்சேன். மறுபடியும் இங்கயே கொண்டாந்து விடுறியே, ஒனக்கே நல்லாருக்காடி?" என்று கத்தினேன்.

"இந்தச் சுத்துவட்டாரத்துலயே அமைதியான எடம் இதுதான். மெஷினுக்குச் சொல்றேன்லா. ஒனக்கு எங்க போனாலும் அமைதி கெடையாது" என்றாய்.

முதல் சில மாதங்கள் கோடு ஒழுங்காக வந்தது. விடிந்ததும் மெல்ல ஏறும், நண்பகலில் மேடு கட்டும், சாயங்காலம் இறங்கிப் படுத்துவிடும். மேலே ஓடும் அந்த மின்னோட்டத்தை வெயில் தினமும் எழுப்பித் தினமும் தூங்க வைப்பது அப்படியே தெரியும். பிறகு வெள்ளிக்கிழமைக் காலைகளில் புதிதாக ஒரு துள்ளல் வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும், பிறகு சட்டென்று இறங்கும். நான் குதித்தேன். ஆகாயத்தில் யாரும் பார்க்காத ஏதோ ஒன்று என்று கட்டுரைக்குத் தலைப்புக்கூட யோசித்துவிட்டேன். நீ பால் இல்லாத தே ஓ டீயைக் கலக்கிக்கொண்டே கேட்டாய், "ஏன்டி, சூரியனுக்கு வெள்ளிக்கிழம தெரியுமா?" அதை வைத்து எத்தனை வருஷம் என் மானத்தை வாங்கினாய்!

அடுத்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் போய்ப் பார்த்தோம். குடில் வாசலில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் வேலைக்குப் போகுமுன் தங்கள் அரிவாள்களை வரிசையாகச் சாத்தி வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் குழி வேறு தோண்டி, நடுவதற்குத் தயாராக ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சூலம். இது யூனிவர்சிட்டி சாமான், யாரைக் கேட்டு வந்தீர்கள் என்று ஒரு பாட்டம் கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. மருந்தடிக்கும் பெண்களை மேய்க்கிற மண்டோராக இருந்த பச்சையம்மா அக்காதான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். நான் கத்தி ஓயும் வரை பொறுத்திருந்துவிட்டு, என்னை விட்டு உன்னைப் பார்த்துப் பேசினார்.

"கோயில் இல்லேங்கிறீங்க. அப்ப ஏன் டீச்சர் செருப்ப கழட்டிட்டுப் போறீங்க? பெல்ட்ட கழட்டுறீங்க, வாட்ச கழட்டுறீங்க. அந்த ஸ்டூடண்ட் புள்ள கண்ணாடியயும் கழட்டிட்டு மரத்துல முட்டிக்கிட்டுப் போவுது. போன வாரம் நீங்க தலைய அவுத்துப் போட்டுக்கிட்டுப் போனத நாங்க எல்லாருந்தான் பாத்தோம். சாமி இல்லாமயா?"

நீ சிரித்தாய். சிரித்துவிட்டு, அந்த ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்தாய். "உள்ள இருக்கிறது மெஷினுக்கா. பூமிக்குள்ள ஒரு காந்தம் இருக்கு, மேல ஆகாசத்துல ஒரு கரண்டு ஓடுது. ரெண்டையும் ராப்பகலா பாத்துக்கிட்டே இருக்கும். இரும்பு கிட்ட வந்துச்சுன்னா அதுக்குக் கிறுக்குப் புடிச்சிரும்."

அக்கா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "பூமிக்குள்ளயும் பாக்குது, ஆகாசத்துலயும் பாக்குது, ராப்பகலா தூங்காது. ஆனா சாமி இல்ல. கேட்டுக்குங்க."

அன்றைக்கு நீ செய்த சமரசம் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாரையும் விரட்டிவிட்டு வேலி போட்டிருப்பேன் நான். நீயோ பால்மரத்தடியில் அவர்களுடைய காவல்தெய்வம் முனிக்கு இடம் பிரித்துக் கொடுத்தாய். இரும்புச் சூலத்துக்குப் பதில் சிரம்பானில் பித்தளைச் சூலம் செய்வித்துக் கொண்டுவந்தாய். அரிவாள்களை லயத்துப் பக்கமே வைத்துவிட்டு வரச் சொன்னாய். மேலே சிறு கூரை போட்டபோது தகரம் வேண்டாம் என்று கெஞ்சி அத்தாப்பு ஓலை வேயவைத்தாய். விளக்கு பித்தளை, மணி வெண்கலம், தட்டு செம்பு. எல்லா ஊர் முனியும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு நிற்க, நம் முனி மட்டும் வெறுங்கையோடு நின்றார்.

அப்புறம் நடந்ததை நீ எதிர்பார்க்கவில்லை. வெளியூரிலிருந்து சாமி கும்பிட வருபவர்களை அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளே வழிமறித்து, "இந்த முனிக்கு இரும்பு ஆகாது, மோட்டார் சைக்கிள அங்கயே போட்டுட்டு நடந்து வாங்க" என்று சொல்லத் தொடங்கினார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வேலி போடும் வேலை மிச்சம் என்றேன். நீ சிரிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நின்று, "அது முனிக்கு இல்ல, மெஷினுக்கு" என்று திருத்துவாய். "தெரியும் டீச்சர்" என்பார்கள். அடுத்த வாரமும் அதையேதான் சொல்வார்கள். உன் வீம்புக்கும் அவர்கள் வீம்புக்கும் நடுவில் எனக்குத்தான் பொழுது போயிற்று.

சூரியப் புயல் வந்த அந்த நாளை எடுத்துக்கொள். கைத்தொலைபேசி முழுக்க எங்கெங்கோ நாடுகளில் வானம் சிவப்பும் பச்சையுமாக எரிகிற படங்கள். "மிஸ், போட்டிக்சன் பீச்சுக்குப் போனா தெரியுமா?" என்று மாணவர்கள் கேட்டார்கள். "போட்டிக்சன்ல ஒனக்கு நண்டுதான் தெரியும், போடா" என்று விரட்டிவிட்டு உன்னோடு தோட்டத்துக்கு ஓடிவந்தேன். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமாக இருந்து, பிள்ளைகள் இல்லாமல் பூட்டிக்கிடந்த ஆயாக்கொட்டகையில்தான் நம் பதிவுக் கருவியும் திரையும். அங்கே உட்கார்ந்து பார்த்தோம், அதாவது நீ உட்கார்ந்தாய். கோடு முதலில் ஓர் எகிறு எகிறியது. பிறகு சரிந்தது, சரிந்துகொண்டே போனது. வெளியே செம்பனை ஓலை ஒன்றுகூட அசையவில்லை, ஆனால் மொத்தப் பூமியும் குலுங்கிக்கொண்டிருந்தது, அது நம் இரண்டு பேர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுவருக்கும் சன்னலுக்கும் நடந்தேன்.

"ஒக்காருடி. நீ நடந்தா அது நிக்கவா போவுது?" என்று ரம்புத்தானை உரித்து நீட்டினாய்.

அப்போது பச்சையம்மா அக்கா எட்டிப் பார்த்தார். காலையிலிருந்து கோழிகள் ஒரு மாதிரியாக இருக்கின்றன, முனிதான் ஏதோ காட்டுகிறார், இல்லையா என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் சந்தோஷமாகப் போயிருப்பார். நீ வானத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "கோழிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லக்கா, மழ வரப்போவுது" என்றாய். அவர் முகம் சுருங்கிப் போனது. நான் உன்னைக் கடிந்துகொண்டேன். "இல்லாதத இருக்குன்னு சொல்லிட்டா, அப்புறம் இருக்கிறதச் சொல்லும்போது எவ நம்புவா?" என்றாய். உன்னோடு பழகியதில் எனக்கு வந்த எரிச்சலில் பாதி இப்படிப்பட்ட பதில்களால் வந்தது.

உன் நோய் பற்றி எழுதப்போவதில்லை. அது உன்னைத் தின்ற விதம் எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரத்து மத்தியானம் மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது. கண்ணைத் திறந்ததும் "கோடு?" என்றாய். ஓடுகிறது என்றேன். நீ நம்பவில்லை, காட்டச் சொன்னாய். கைத்தொலைபேசியை உன் முகத்துக்கு நேரே பிடித்தேன். நீ நிதானமாகப் பார்த்துவிட்டு, கோட்டில் ஒரு துள்ளலை விரலால் காட்டி, "இங்க புல்லு வெட்டுனாங்களா?" என்றாய். ஆமாம் என்றேன். "கோட்டுப் பக்கத்துல எழுதிட்டியா?" என்றாய். அடிப்பாவி, இந்த நிலைமையிலும் புல் வெட்டியதுதான் கவலையா என்று நெஞ்சுக்குள் கத்தினேன். வெளியே, எழுதிவிட்டேன் என்றேன். போய்த்தான் எழுதினேன்.

"கோட்ட விட்ராதடி" என்றாய். அதற்குப் பிறகும் நீ பேசினாய், ஆனால் அதெல்லாம் தண்ணீர் கேட்டதும் போர்வை கேட்டதும்தான்.

உன் காரியமெல்லாம் முடிந்து ஆயாக்கொட்டகைக்குப் போய், நீ இறந்த நாளின் கோட்டை எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு அமைதியான நாளை நான் பார்த்ததே இல்லை. ஏறி, மேடு கட்டி, இறங்கி, வழக்கம்போல் படுத்திருந்தது. ஒரு சுருக்கம்கூட இல்லை. எனக்கு அந்தத் திரையை உடைக்க வேண்டும் போலிருந்தது. உனக்காகக் காந்தப் புயல் அடிக்கும் என்றா நினைத்தேன்? படித்தவள், பாடம் நடத்துகிறவள். இருந்தாலும் நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு உட்கார முடியாத வியாதி. வகுப்பில் நடந்துகொண்டே இருக்கிறேன். வீட்டில் மடித்த துணியை உதறி மறுபடி மடிக்கிறேன். காரணமே இல்லாமல் காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், ஓடுகிற கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். அது ஓடும் வரை நீ எங்கேயோ வெளியே போயிருக்கிறாய், அவ்வளவுதான் என்று ஒரு நினைப்பு. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது.

பிறகு தோட்டத்து முகப்பில் பலகை வைத்தார்கள். படத்தில் அழகழகான வீடுகள், முன்னால் சைக்கிள் ஓட்டும் குழந்தைகள். லயம் ஏற்கெனவே காலியாகிவிட்டது. பச்சையம்மா அக்கா மம்பாவில் மகன் வீட்டோடு இருக்கிறார், வெள்ளிதோறும் பேரனின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வந்து முனிக்கு விளக்கேற்றிவிட்டுப் போவார். நான் கோலா பிலா பக்கம் ஒரு சிறுதோட்டக்காரரின் நிலத்தில் புது இடம் பார்த்து, இன்னொரு கருவியும் வைத்துவிட்டேன். "இடம் கெடச்சிருச்சுல்ல, பழசத் தூக்கிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று துறையிலேயே கேட்டார்கள்.

உனக்கு விளக்கத் தேவையில்லை, ஆனால் எத்தனை பேருக்கு விளக்கினேன் தெரியுமா! ஒவ்வோர் இடத்து மண்ணுக்கும் பாறைக்கும் தனிக் காந்தம் உண்டு. இங்கே காட்டும் எண் வேறு, அங்கே காட்டும் எண் வேறு. இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் பல மாதம் அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு என்று பிடித்த பிறகுதான் பழையதை நிறுத்தலாம். அதற்கு முன்னால் நிறுத்தினால் உன் கோடு ஒரு துண்டு, என் கோடு ஒரு துண்டு, இரண்டும் ஒட்டவே ஒட்டாது. நீ ஆயுசைக் கொடுத்துக் காப்பாற்றியது அந்த இடத்தோடு செத்துப்போகும்.

வீடு கட்டும் கம்பெனியிலிருந்து சுரேஷ் என்று ஓர் அதிகாரி வந்தான். நல்ல பையன், வந்ததும் முனிக்கு ஒரு கும்பிடு போட்டான். கோயில் விஷயம் ஏற்கெனவே பேசி முடித்தது. புதுச் சாலையோரம் முனிக்கு இடம் தருகிறார்கள். ஆடியில் சாமியைக் கிளப்பக் கூடாது, ஆவணியில் நாள் பார்த்துத்தான் கிளப்புவோம் என்று அக்கா சொல்லி, கம்பெனியும் ஒத்துக்கொண்டிருந்தது. அவன் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு நம் குடிலைக் காட்டினான்.

"டாக்டர், இதுவும் கோயிலோட சேந்ததுதானே? கோயில்னா ஆவணி வரைக்கும் விட்றலாம். யூனிவர்சிட்டி சாமான்னா அடுத்த வாரமே கிளியர் பண்ணணும். மண்ணு தோண்ட பேக்ஹோ புக் பண்ணியாச்சு."

அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். "வாயத் தொறக்காதீங்க டீச்சர், நான் சொல்லிக்கிறேன்" என்று காதோடு சொல்லிவிட்டு, அவன் பக்கம் திரும்பி, "அதான் கருவற" என்றார்.

நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா நின்றால் போதும். நான் ஒன்றும் உன்னை மாதிரி உத்தமி இல்லை. கெடு நீட்டிக்க மேலிடத்தில் எத்தனை காய்ச்சல், எத்தனை கார் ரிப்பேர் சொல்லியிருக்கிறேன்! ஒரு வாரம் என்றால் கோடு அறுந்தது. ஆவணி என்றால் கொஞ்சமாவது ஒட்டலாம். அவன் பேனாவைத் திறந்துவிட்டான். அப்போது பார்த்து எனக்கு அந்தப் புல் ஞாபகம் வந்தது. இப்படி வாங்கிய மாதங்களில் எடுக்கும் அளவுகளுக்குப் பக்கத்தில் நான் என்ன எழுதுவது? புல் வெட்டியதை எழுதுவேன், லோரி போனதை எழுதுவேன், இதை மட்டும் எழுதாமல் விடுவேனா? பாழாய்ப்போனவளே, செத்தும் என்னை விட மாட்டாயா என்று உன்னைத் திட்டிக்கொண்டேதான் வாயைத் திறந்தேன்.

"கோயில் இல்ல தம்பி. மெஷினு. எங்களோடது."

எனக்கே கேட்கச் சகிக்காத குரலில் சொன்னேன். சுரேஷ் அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்ப அடுத்த வாரம்லா டாக்டர், சாரி" என்றான்.

அக்கா வெடித்தார். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி வந்து வாச்சீங்களே! அந்தம்மாதான் அப்படின்னா, இருக்கிற ஒண்ணும் இப்படியா? வாய சும்மா வெச்சிருக்கத் தெரியாதா ஒங்களுக்கு?" நான் திரும்பி வாளியை எடுக்கப் போனேன்.

பின்னால் அக்காவின் குரல் வேறு மாதிரி கேட்டது. "இந்தா தம்பி, இங்க வா. அவங்க மெஷின அவங்க எடுக்கட்டும், எடுக்காமப் போகட்டும். ஒன் பேக்ஹோ எதுல செஞ்சது?"

"இரும்புலதான், அக்கா."

"எங்க முனிக்கு இரும்பு ஆகாது. கூரையப் பாரு, ஒரு ஆணி இருக்கான்னு பாரு. சூலத்தத் தொட்டுப் பாரு. இத்தன வருசமா இந்தப் பால்மரத்துக்கு இந்தப் பக்கம் நாங்க மோட்டாரக்கூட கொண்டாந்ததில்ல. ஆவணியில முனி கெளம்புற வரைக்கும் இந்த எடத்துக்குள்ள இரும்பு வரக்கூடாது. வந்துச்சுன்னா, ஒங்க கம்பெனிதான் பதில் சொல்லணும்."

பையன் கூரையை நிஜமாகவே போய்ப் பார்த்தான். பித்தளைச் சூலத்தைத் தொட்டுப் பார்த்தான். தலையைச் சொறிந்துகொண்டான். குடிலை எடுத்தாலும் அந்த இடத்தில் பேக்ஹோவை இறக்க முடியாது, அப்புறம் இப்போதே எடுத்து என்ன என்று அவனே ஒரு கணக்குப் போட்டான். "சரிலா அக்கா, மொத்த எடத்தயும் ஆவணிக்குத் தள்ளிடுறேன். அதுக்கு மேல போனா பாஸ் என்னைக் கொன்னுருவாரு" என்றான்.

அவன் போன பிறகு நான் கேட்டேன். இருப்புக்கொள்ளவில்லை, கேட்காமல் எப்படி விடுவது? "அக்கா, இரும்பு ஆகாதுங்கிறது மெஷினுக்காக நாங்க சொன்னதுதானே? எனக்காகப் பொய் சொன்னீங்களா?"

அக்காவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "என்ன டீச்சர் பேச்சு இது? நீங்க சொன்னா என்ன, எவன் சொன்னா என்ன? அரிவாள தூர வெச்சுட்டுக் கும்புட்டது நாங்க. மழயில ஓல மாத்துனது நாங்க. எங்க புள்ளைங்களுக்கு இந்த முனிய இப்படித்தான் தெரியும். அப்ப அது எங்க வழக்கம் இல்லாம யார் வழக்கம்?"

உன்னிடம் இதைச் சொல்ல முடியாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ அத்தனை வருஷம் திருத்தித் திருத்தித் தோற்ற விஷயம் இப்படி முடிந்திருக்கிறது. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? இப்போதும் "முனிக்கு இல்ல, மெஷினுக்கு" என்று குறுக்கே விழுந்திருப்பாயா, வாயை மூடிக்கொண்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாயா? எவ்வளவோ யோசித்தும் என்னால் முடிவுக்கு வர முடியவில்லை. உன்னோடு சண்டை போட முடியாத சண்டை இது ஒன்றுதான்.

ஆவணி வரை ஓடினேன். இங்கே ஒரு நாள், புக்கிட் புத்துஸ் மலைப்பாதை ஏறி இறங்கி அங்கே ஒரு நாள். இங்கே வாளி, அங்கே வேறு வாளி. திரையில் இரண்டு கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடின. நண்பகலில் இரண்டும் சேர்ந்து ஏறும், சாயங்காலம் சேர்ந்து இறங்கும், நடுவில் இடைவெளி மட்டும் அப்படியே இருக்கும். பல மாதம் வேண்டிய வேலைக்குக் கிடைத்தது கொஞ்ச காலம்தான். அந்த இடைவெளியின் எண்ணில் இன்னும் கொஞ்சம் நடுக்கம் இருக்கிறது, அதை மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

முனி கிளம்பிய காலையில் மழை விட்டிருந்தது. மேளம் வந்தது, மம்பாவிலிருந்தும் ராசாவிலிருந்தும் பழைய தோட்டத்து ஆட்கள் பஸ் பிடித்து வந்தார்கள். பேக்ஹோ தூரத்தில் சாலையிலேயே நின்றது. அக்கா ஆயாக்கொட்டகைக்கு வந்து, "ஒங்களத நிறுத்துங்க டீச்சர், அப்புறம் எங்களத எடுக்கிறோம்" என்றார். நான் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். கோடு ஏறத் தொடங்கியிருந்த நேரம். நண்பகல் மேடு வரட்டும் என்றேன். அக்கா மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேடு வந்தது, இறங்கத் தொடங்கியது. அப்போது அமுக்கினேன். நீ போன பிறகு அன்றைக்குத்தான் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடிந்தது. அழுதேன், அக்காவின் சேலை நனைகிற அளவுக்கு.

இனி நடக்க வேண்டியது கணக்குதான். துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் கெட்டிக்காரி. பழைய எண்கள் எல்லாவற்றோடும் அந்த வித்தியாசத்தைக் கூட்டிப் புது இடத்துக்கு மாற்றிவிடலாம், அப்படித்தான் எல்லாரும் செய்கிறார்கள், ஒரே நாளில் முடிந்துவிடும் என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. எந்தப் பக்கம் கூட்டினாலும் கோடு ஒட்டும்.

நான் மாட்டேன் என்றேன். நீ எழுதிய எண்களில் ஒன்றைக்கூடத் தொட விட மாட்டேன். திருத்துவது என்றால் என் எண்களைத் திருத்துகிறேன். கோலா பிலாவில் நின்று நான் என்ன அளந்தாலும் அந்த வித்தியாசத்தைக் கழித்து, நம் கருவி அந்தப் பழைய இடத்திலேயே இருந்திருந்தால் என்ன காட்டியிருக்குமோ அதைத்தான் எழுதி வைக்கப்போகிறேன். அங்கே வீடுகள் வந்துவிடும். இரும்புக் கேட்டும் காரும் கம்பியுமாக நிறைந்துவிடும், இனி எந்தக் கருவியாலும் அங்கே எதையும் அளக்க முடியாது. ஆனால் அந்த இடம் என்ன காட்டியிருக்கும் என்பது எனக்கு மட்டும் தெரிந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு நாளும், நான் இந்த வேலையில் இருக்கும் வரை.

இன்றைய அளவையும் உன் இடத்துக்குத் திருத்தி எழுதிவிட்டேன்.